வீட்டை நேரா நின்னு ஒரு படம் எடுங்க

போன பொங்கலுக்கு என் தங்கச்சி மகன் சென்னையிலேர்ந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. கழுத்துல நல்ல கனமான கேமரா. மூணு நாள் இருந்தான், நானூறு படத்துக்கு மேல எடுத்தான். கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி எல்லாத்தையும் லேப்டாப்புல போட்டுக் காட்டினான். மாட்டுக் கொம்புக்குப் பின்னால சூரியன், எங்க அம்மாவோட கைச் சுருக்கம், பனி விழுந்த நெல் கதிர், திண்ணைத் தூணுக்குப் பின்னால பாதி முகம் தெரியற ஒரு சின்னப் பொண்ணு. எல்லாம் அழகா இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாது.

"வீடு எங்கடா?"ன்னு கேட்டேன்.

"எல்லாப் படத்துலயும் வீடு இருக்கே மாமா."

திரும்ப முதல்லேர்ந்து தள்ளிப் பார்த்தோம். தூண் இருந்தது, ஒண்ணு மட்டும். ஓடு இருந்தது, மூலையில மங்கலா. வாசக்கால் இருந்தது, அதுல எங்க அம்மா சாஞ்சிருந்தாங்க. நாலு தூணும், ரெண்டு திண்ணையும், கூரையும், இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே படத்துல தெரியற மாதிரி ஒண்ணு கூட இல்லை.

"நேரா நின்னு எடுத்தா உயிரே இருக்காது மாமா. முனிசிபாலிட்டிக்காரன் வரி போட எடுத்த படம் மாதிரி இருக்கும்"னான்.

எனக்கு வேணும்னது அந்த முனிசிபாலிட்டிக்காரன் படம்தான். ஏன்னு அன்னிக்கு ராத்திரி அவன்கிட்ட சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். நீங்களும் லீவு விட்டா கேமராவைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போறவங்க.

1993ஆம் வருஷம், எனக்கு அப்ப இருபத்து மூணு வயசு. ஒரு வெள்ளைக்காரர் சைக்கிள்ல எங்க பண்டசோழநல்லூருக்கு வந்தாரு. பாண்டி பக்கத்து ஊர்ங்கறதால வெள்ளைக்காரங்க வர்றது எங்களுக்குப் புதுசில்லை. ஆனா இவர் கோயிலுக்குப் போகலை, ஏரிக்கரைக்குப் போகலை. எங்க தெரு நடுவுல சைக்கிளை நிறுத்திட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரா நேரா நின்னு ஒரு படம், நாலு அடி தள்ளி நின்னு இன்னொரு படம்னு எடுத்துக்கிட்டே போனாரு. நாங்க எல்லாம் சட்டையை மாட்டிக்கிட்டு ஓடிப்போய் வாசல்ல நின்னோம். கொஞ்சம் நகருங்கன்னு சைகை காட்டினாரு. எங்க அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். "ஆளே இல்லாம வீட்டைப் புடிக்கிறான் பாரு, கிரயம் பேச வந்திருக்கானா?"ன்னு கேட்டாரு. அந்த மனுஷன் ஊர் பேரை மூணு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டு, டீ குடிச்சிட்டுப் போயிட்டாரு.

ரெண்டு மாசம் கழிச்சு டீக்கடை விலாசத்துக்கு ஒரு கவர் வந்தது. உள்ள ஆறு படம், கறுப்பு வெள்ளை. ஒவ்வொண்ணோட முதுகுலயும் பென்சில்ல ஊர் பேரு, தேதி, எந்தத் திசையைப் பார்த்து எடுத்ததுன்னு எழுதியிருந்தது. எங்க வீடு இருந்த படத்தை அப்பா வாங்கிட்டு வந்து டிரங்குப் பெட்டியில பட்டாவோட போட்டு வெச்சாரு. அதை அப்ப யாரும் ரெண்டாம் தடவை எடுத்துப் பார்க்கலை. ஆள் இல்லாத படத்தை என்னத்தப் பார்க்கறது?

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவுல கரையைக் கடந்தது. எங்க வீட்டு ஓடு பாதி பறந்துபோச்சு, பக்கத்துல பெரியப்பா மகன் வீட்டுல கிழக்குச் சுவரே உக்காந்துருச்சு. மறுபடி கட்டறப்பதான் சண்டை வந்தது. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு சந்து. அகலம் மூணு அடி இருக்கும். அந்த மூணு அடியும் தன்னுதுன்னு அண்ணன் சொன்னாரு. முழுசும் எங்களுதுன்னு நான் சொன்னேன். அப்பா அப்ப இல்லை. பத்திரத்துல "வடக்கு வீதிக்குத் தெற்கு, இன்னார் மனைக்கு மேற்கு"ன்னு எழுதியிருந்தானே தவிர சந்தைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. நாலு மாசம் பேச்சு வார்த்தை இல்லை. அண்ணி எங்க வீட்டுப் பக்கம் தலை திருப்பாம போவாங்க. வக்கீல் வரைக்கும் போகப் பார்த்துச்சு.

எங்க அம்மாதான் அந்தப் படத்தை எடுத்துட்டு வந்தாங்க. ஊர்ப் பெரியவங்க நாலு பேர் திண்ணையில உக்காந்து பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தாங்க. கிராமத்துல ஒரு கணக்கு உண்டு. ஓட்டுத் தண்ணி எங்க விழுதோ அது வரைக்கும் அந்த வீட்டுப் பாத்தியதை. படத்துல எங்க இறவாணம் சந்துக்குள்ள நீட்டிக்கிட்டு இருந்தது. சரி, ஜெயிச்சோம்னு நினைச்சேன். எதிர்ப்பக்கம் பார்த்தா அண்ணன் வீட்டு இறவாணமும் அதே அளவு நீட்டிக்கிட்டு இருக்கு. ரெண்டு வீட்டுத் தண்ணியும் ஒரே சந்துலதான் விழுந்திருக்கு. ஆக அவரு சொன்னதும் தப்பு, நான் சொன்னதும் தப்பு. பொதுச் சந்துன்னு பேசி முடிச்சாங்க. இன்னிக்கும் அது பொதுச் சந்துதான். அண்ணன் பேத்தி அதுல சைக்கிள் விடுது.

அந்த வெள்ளைக்காரர் எங்க வீட்டை அழகா எடுக்கணும்னு நினைச்சு, தூணை மட்டும் வெளிச்சத்துல வெச்சு ஒரு படம் எடுத்திருந்தார்னா நாங்க இந்நேரம் கோர்ட்டுலதான் நின்னுக்கிட்டு இருப்போம்.

இதெல்லாம் ஒரு குடும்பத்து விஷயம்னு விட்டுடலாம். ஆனா இதே வேலையைப் பெரிய அளவுல செஞ்சவங்க எங்க பாண்டியிலயே இருக்காங்க. 1955ல தொடங்கின பிரெஞ்சு இன்ஸ்டிடியூட், கடற்கரைக்குப் பக்கத்துல செயின்ட் லூயி வீதியில இருக்கு. தொடங்கின மறு வருஷத்துலேர்ந்தே அங்கேயிருந்து ஆளுங்க ஜீப்புலயும் மாட்டு வண்டியிலயும் கூடத் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய்ப் படம் எடுக்க ஆரம்பிச்சாங்க. கோபுரம், விமானம், தூண், சுவர்ல இருக்கிற சிலை, உள்ள இருக்கிற செப்புத் திருமேனின்னு ஒவ்வொண்ணா, நேரா, சாதாரணமா. ஊர் பேரு, கோயில் பேரு எழுதி அட்டையில ஒட்டி வெச்சாங்க. ஒன்றரை லட்சம் படத்துக்கும் மேல சேர்ந்திருக்கு. அதுல பல படத்தை நீங்க இன்ஸ்டாகிராம்ல போட்டா பத்து லைக் வராது.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் சிவன் கோயில்லேர்ந்து நடராசர் சிலை திருட்டுப் போய், நியூயார்க் வியாபாரி மூலமா ஆஸ்திரேலியாவுக்குப் போச்சு. கான்பெராவுல இருக்கிற தேசியக் கலைக்கூடம் 2008ல சுமார் 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினாங்க. காகிதம் எல்லாம் சரியா இருக்கு, நாங்க முறையா வாங்கினோம்னு சொன்னாங்க. அப்ப வெளியில வந்தது இந்தப் பிரெஞ்சு இன்ஸ்டிடியூட் படம். திருட்டுக்குப் பல வருஷம் முன்னாடி, அந்தக் கோயிலுக்குள்ள அதே நடராசர் நிக்கிறாரு. திருவாசியில சுடர் எப்படி இருக்கு, எங்க தேஞ்சிருக்குன்னு ரெண்டு படத்தையும் பக்கத்துல வெச்சா குழந்தைக்கும் புரியும். விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரர் கதையும் இதேபோலத்தான். அது சிட்னி அருங்காட்சியகத்துல இருந்தது. 2014 செப்டம்பர்ல ஆஸ்திரேலியப் பிரதமர் டில்லிக்கு வந்தப்ப ரெண்டு பேரையும் கையோட கொண்டுவந்து கொடுத்துட்டுப் போனாரு. விருத்தாசலம் எங்க ஊர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறினா போயிடலாம். என் மச்சினிச்சியைக் கட்டிக் கொடுத்த ஊரு. அந்தச் செய்தியைப் பேப்பர்ல படிச்சப்பதான் டிரங்குப் பெட்டிப் படம் எனக்கு ஞாபகம் வந்தது. கோயிலுக்கு வேலை செஞ்சதும், மூணு அடி சந்துக்கு வேலை செஞ்சதும் ஒரே மாதிரி படம்.

அதே 2014ல, நவம்பர் 29ஆம் தேதி, மழையில பாண்டி கடற்கரையில இருந்த மேரி கட்டிடம் இடிஞ்சு விழுந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்து முனிசிபாலிட்டி கட்டிடம், 1870 வாக்குல கட்டினது. நல்லவேளை, உள்ள ஆள் இல்லை. அப்புறம் உலக வங்கிப் பணத்துல அதே முகத்தோட மறுபடி கட்டி, 2021ல திறந்தாங்க. பழைய கட்டிடத்தைப் பார்த்தவங்க புதுசைப் பார்த்து அதேதான்னு சொல்றாங்க. சொல்ல முடியுது. ஏன்னா கடற்கரைக்கு வந்த ஒவ்வொருத்தரும் ஏதோ ஒரு வகையில அதை எடுத்து வெச்சிருந்தாங்க. அது எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் சந்தேகம் வராது.

அந்த மழைக்காலத்துல எங்க பக்கம் ஒரு பழைய ரைஸ் மில் சரிஞ்சது. செங்கல் புகைபோக்கி, தகரக் கூரை, நெல் அவிக்கிற தொட்டி, காய வெக்கிற சிமெண்டுக் களம். நாலு ஊர் நெல்லு அங்கதான் அரைபடும். எங்க அம்மா தலையில கூடையோட நின்ன இடம். அடுத்த மாசமே இடத்தைச் சுத்தம் பண்ணி மனை போட்டுட்டாங்க. ஒரு படம் கிடையாது. நான் ஊர் பூராவும் கேட்டுப் பார்த்தேன். ஒரு கல்யாணப் படத்துல, மாப்பிள்ளை வண்டிக்குப் பின்னால, அந்தப் புகைபோக்கியோட நுனி மட்டும் தெரியுது.

பாண்டி டவுன்ல வீதிகளுக்குப் பெரிய ஆளுங்க காவல் இருக்காங்க. இன்டாக் அமைப்பு பட்டியல் போட்டு வெச்சிருக்கு. கல்வே சுப்பராய செட்டியார் வீதியை, நாங்க வைசியாள் வீதின்னு சொல்றது, திண்ணை தாழ்வாரத்தோட சரிபண்ணினதுக்கு 2008ல யுனெஸ்கோ விருதே கொடுத்தது. எங்க கிராமத்துப் பக்கம் திருபுவனை பெருமாள் கோயில், மதகடிப்பட்டு குண்டாங்குழி மகாதேவர் கோயில் மாதிரி சோழர் காலத்துக் கோயிலுக்குத் தொல்லியல் துறை நீலப் பலகை நட்டு வெச்சிருக்கு. சந்தோஷம். ஆனா நாட்டு ஓட்டு வீட்டுக்கும், ரைஸ் மில்லுக்கும், பம்பு செட்டு கொட்டகைக்கும், சுமைதாங்கிக் கல்லுக்கும், சொல்தா பென்ஷன்ல கட்டின மாடி வீட்டுக்கும் பலகை நட யாரு இருக்கா? விழுப்புரத்துலேர்ந்து பாண்டி வழியா நாகப்பட்டினம் போற நாலு வழிச்சாலை வேலையில ரோட்டோரம் எத்தனை போச்சு. ரோடு வேணாம்னு சொல்லலை, அதுலதான் நானும் கத்திரிக்காய் மூட்டையை ஏத்திக்கிட்டுப் போறேன். போறதுக்கு முன்னாடி ஒரு படம் எடுத்திருக்கலாமேன்னுதான் சொல்றேன்.

எங்க அப்பா ஒரு விஷயம் அடிக்கடி சொல்வாரு. 1954 மார்ச் 31ஆம் தேதி நெட்டப்பாக்கத்துல பிரெஞ்சுக் கொடியை இறக்கி நம்ம கொடியை ஏத்தினப்ப அவரு பன்னிரண்டு வயசுப் பையன், கூட்டத்தோட போய்ப் பார்த்தாராம். பாண்டி முழுசுக்கும் நவம்பர்ல வந்த விடுதலை எங்க பக்கம் ஏழு மாசம் முன்னாடியே வந்துருச்சுன்னு அவருக்கு ஒரு பெருமை. எந்த வீட்டோரமா நின்னு பார்த்தீங்கன்னு ஒரு நாள் கூட்டிட்டுப் போய்க் கேட்டேன். தெருவுல அப்படியும் இப்படியும் நடந்தாரு. "இங்க ஒரு பெரிய திண்ணை இருந்துச்சுடா"ன்னாரு. அங்க ஒரு செல்போன் கடை இருந்தது. அதுக்கு மேல அவரால ஒண்ணும் சொல்ல முடியலை.

நான் 2017லேர்ந்து செல்போன்ல எடுத்துக்கிட்டு வரேன். பெரிய யாத்திரை எல்லாம் கிடையாது. பண்ருட்டி சந்தை, திண்டிவனம், சொந்தக்காரங்க வீட்டு விசேஷம். ஒரு தடவை நெல் திருவிழாவுக்குத் திருத்துறைப்பூண்டி போனப்ப, திரும்பி வர்ற வழியில பாபநாசத்துல இறங்கி, திருப்பாலைத்துறை கோயில் நெல் களஞ்சியத்தை எடுத்தேன். நாயக்கர் காலத்துல செங்கல்லால வட்டமாக் கட்டி, மேல கூம்பா மூடினது. 3,000 கலம் பிடிக்கும்ங்கறாங்க. ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால். கணக்குப் போட்டுப் பார்த்துட்டு, என் ஒன்றரை காணி விளைச்சலை அதுக்குள்ள கொட்டினா அடி கூட மறையாதுன்னு நினைச்சுச் சிரிச்சுக்கிட்டேன். பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தது. சுத்தி நடந்து ஆறு படம் எடுத்தேன். எல்லாமே முனிசிபாலிட்டிக்காரன் படம்தான்.

எப்படி எடுக்கறதுன்னு கேட்டா, அதுல வித்தை ஒண்ணும் இல்லை. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நில்லுங்க. தரையிலேர்ந்து கூரை முகடு வரைக்கும் முழுசா விழணும். போனை அண்ணாந்து சாய்க்காம நிமிர்த்திப் பிடிங்க, இல்லாட்டி சுவரெல்லாம் பின்னால விழற மாதிரி தெரியும். ரெண்டு பக்கத்து வீடும் ஓரத்துல கொஞ்சம் தெரியட்டும், எங்க சந்து மாதிரி எதுக்காவது உதவும். அடுத்தது மூலையில நின்னு, முன்பக்கமும் பக்கவாட்டும் சேர்ந்து தெரியற மாதிரி ஒண்ணு. பழைய வீடுகள்ல வாசலுக்கு மேல சுண்ணாம்புச் சுதையில கட்டின வருஷம் போட்டிருப்பாங்க, அதைக் கிட்ட போய்த் தனியா எடுங்க. வீட்டு முன்னால ஒரு சைக்கிள் நின்னா அதை நகர்த்தாதீங்க. அளவு தெரியறதுக்கு சைக்கிளை விட நல்ல கோல் கிடையாது. கிழக்கு பார்த்த வீட்டைக் காலையில, மேற்கு பார்த்ததைச் சாயங்காலம். அவ்வளவுதான். கலர் ஏத்தற வேலை, வானத்தை மாத்தற வேலை வேணாம்.

இதைவிட முக்கியம், ஊர் பேரையும் தேதியையும் அன்னிக்கே எழுதி வைக்கிறது. பேரு இல்லாத படம் பேரு இல்லாத விதை மூட்டை மாதிரி. நல்லா இருக்கும், ஆனா விதைக்கப் பயமா இருக்கும். போன்ல இடம் பதியற வசதியைப் போட்டு வைங்க. வாட்ஸ்அப்புல சும்மா அனுப்பினா படமும் சுருங்கிப்போகுது, தேதி இடமெல்லாமும் கழன்று போகுது. டாகுமெண்டா அனுப்பினா அப்படியே போகுது. இது என் மகள் சொல்லிக் கொடுத்தது.

கேட்டுட்டு எடுங்க. இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். எங்க பக்கம் விளைநிலம் எல்லாம் மனையாகிக்கிட்டு இருக்கு. யாராவது வீட்டைப் படம் எடுத்தா புரோக்கர்னு நினைப்பாங்க, இல்லை பேங்குக்காரன்னு நினைப்பாங்க. கடன் பாக்கி இருக்கிற வீட்டுல அன்னிக்கு ராத்திரி தூக்கம் போயிடும். "அம்மா, பழைய வீடு நல்லா இருக்கு, வெளியில நின்னு ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டா, முக்கால்வாசிப் பேரு உள்ள வந்து முற்றத்தையும் எடுங்கன்னு கூப்பிட்டு மோர் கொடுப்பாங்க. வேணாம்னா விட்டுடுங்க. கர்ப்பகிரகத்துக்குள்ள கேமராவைத் தூக்காதீங்க. முடிஞ்சா எடுத்ததுல ஒரு பிரதி அந்த வீட்டுக்கு அனுப்புங்க. எங்க வீட்டுக்கு வந்த மாதிரி.

இன்னொரு கேள்வி வரும்னு தெரியும். இப்பதான் எல்லார் கையிலயும் போன் இருக்கே, எல்லாம் யாராவது எடுத்திருப்பாங்களேன்னு. தங்கச்சி மகனும் அதைத்தான் கேட்டான். நானூறு படம் எடுத்தவன் கையிலயே வீடு இல்லையேடான்னேன். அந்தக் காலத்துல படம் எடுக்கறது செலவு, அதனால யோசிச்சு எடுத்தான். 1858ல டிரைப்னு ஒரு கம்பெனி ராணுவ கேப்டன், மதராஸ் மாகாண அரசாங்கத்துக்காக மதுரை, தஞ்சாவூர் எல்லாம் போய், சுமக்க முடியாத கேமராவை வெச்சு எடுத்தாரு. தஞ்சாவூர் பெரிய கோயில் அடிப்பகுதியில ஓடற கல்வெட்டை 21 படமா எடுத்து, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஒரே நீளப் படமா ஆக்கியிருக்காரு. வெயில்ல நின்னு, கல்லுல இருக்கிற எழுத்தை! எதுக்கு? அப்படியே இருக்கட்டும்னுதான். இப்ப படம் எடுக்கக் காசு ஆகாது. அதனாலேயே நம்ம மூஞ்சியைத்தான் எடுக்கிறோம், கட்டிடம் நமக்குப் பின்னால திரைச்சீலையா நிக்குது. போன மாசம் ஒரு கோயில்ல பார்த்தேன், இருபது பேர் வரிசையா நின்னு ஒரே தூணுக்கு முன்னால எடுத்துக்கிட்டாங்க. அந்தத் தூண் இருபது படத்துலயும் தலைக்குப் பின்னால மறைஞ்சிருக்கும். உங்க மூஞ்சியை எடுக்க வேணாம்னு சொல்லலை. எடுத்து முடிச்சிட்டு, ரெண்டு அடி நகர்ந்து, தூணையும் ஒண்ணு எடுங்க.

என் போன்ல இப்ப எழுநூத்துச் சொச்சம் கட்டிடம் இருக்கு. மாசத்துக்கு ஒரு தடவை மகள் கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஊர் ஊரா பிரிச்சு வைக்கிறா. அதுல எனக்குத் தெரிஞ்சே நாற்பதுக்கு மேல இப்ப இல்லை. இடிக்கிறவங்களை நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஓட்டு வீட்டுல இருக்கிறவனுக்குத்தான் மழைக்காலம்னா என்னன்னு தெரியும். வருஷா வருஷம் ஓடு மாத்தணும், குரங்கு வந்து கலைச்சிட்டுப் போகும், கைமரத்துல கரையான். கல் வீட்டுக்கு அரசாங்கப் பணம் வந்தா யாரு வேணாம்பா? அந்த வெள்ளைக்காரர் படத்துல எங்க தெருவுல பதினோரு ஓட்டு வீடு. இன்னிக்கு நிக்கிறது ரெண்டு. ஒண்ணு எங்களுது. எவ்வளவு நாளைக்குன்னு என் மகளுக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலையில, பஸ்ஸுக்கு முன்னாடி, பையன் பெரிய கேமராவைப் பையில போட்டுட்டு, செல்போனை எடுத்துக்கிட்டு எதிர் வீட்டுச் சுவரோரம் போய் நின்னான். "அம்மாச்சி, கொஞ்சம் தள்ளிக்கோங்க"ன்னான். எங்க அம்மா ஏன்டா நான் வேணாமான்னு கேட்டுட்டு உள்ள போனாங்க. நேரா ஒண்ணு, மூலையிலேர்ந்து ஒண்ணு, சந்துப் பக்கம் ஒண்ணு. அன்னிக்கு மத்தியானமே டாகுமெண்டா அனுப்பிட்டான்.

பெருசு பண்ணிப் பார்த்தேன். வடகிழக்கு மூலையில, முகட்டுக்குப் பக்கத்துல, மூணு ஓடு நழுவிக் கிடக்கு. கீழே நின்னு பார்த்தா தெரியாத இடம். ஓடு மாத்தறவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். சித்திரைக்குள்ள வரேன்னிருக்காரு.